அடுத்த படியை யார் சொல்வது?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் மதிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்த கையோடு கணக்கைப் பற்றிப் பேசச் சொல்லி ஒருவனை மேடை ஏற்றுவது, பேசுகிறவனுக்கும் சோதனை, கேட்கிறவர்களுக்கும் சோதனை. ஆனாலும் செயலாளர் விடவில்லை. "ரிட்டயர் ஆன பிறகு கம்ப்யூட்டரை வெச்சுப் பிள்ளைங்களுக்கு ஏதோ கணக்குச் சொல்லித் தர்றியாமே, அதை வந்து சொல்லுப்பா" என்றார். ஆகவே வந்து நிற்கிறேன்.

என்னைத் தெரியாத இளைய தலைமுறைக்காக ஒரு வரி. நான் இந்தக் கல்லூரியில் 1981-இல் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவன். அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றேன். இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் தெருக்கோடியில் ஒரு கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். கட்டணம் கிடையாது. கரும்பலகை ஒன்று, பழைய மடிக்கணினி நான்கு, இவ்வளவுதான் சொத்து.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் இருபடிச் சமன்பாடு. நாம் எல்லோரும் ஒரு காலத்தில் போட்டதுதான். இன்று பாதிப் பேருக்கு மறந்திருக்கும். வங்கியில் மேலாளராக இருந்தவருக்கு அது மறந்ததால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது ஒரு வாசற்படி. அந்தப் படியில் தடுக்கி விழுந்தவர்கள் "கணக்கு எனக்கு வராது" என்று தாங்களே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு அதோடு வேறு பக்கம் போய்விடுகிறார்கள். நான் இத்தனை வருஷம் பார்த்ததில், அந்தத் தீர்ப்பில் பாதி தப்பான தீர்ப்பு. (மலரில் அச்சிட வசதியாக, மேடையில் நான் 'எக்ஸ்' என்று சொன்ன இடத்தில் எல்லாம் 'ய' என்று போட்டிருக்கிறேன். இதில் புதுமை ஒன்றும் இல்லை. நம் பழைய கணித ஆசிரியர்கள் தெரியாத எண்ணை 'யாவத்-தாவத்' என்று சொல்லி, 'யா' என்று சுருக்கி எழுதினார்கள். நான் இன்னும் கொஞ்சம் சுருக்கிவிட்டேன்.)

ஒரு மாணவி. பெயர் வேண்டாம். 3ய² − 5ய − 2 = 0 என்று ஒரு கணக்குக் கொடுத்தேன். சூத்திரத்தைச் சரியாக எழுதினாள். எந்தக் கெழு எங்கே வர வேண்டும் என்பதும் சரி. தன்மைகாட்டியில் 25 − 4 × 3 × (−2) என்று எழுதிய வரையில் சரி. அடுத்த வரியில் 25 − 24 = 1 என்று போட்டுவிட்டாள். இரண்டு கழித்தல் குறி சேர்ந்து கூட்டலாகி 49 வந்திருக்க வேண்டும். அப்புறம் என்ன, எல்லாமே தப்பு. இந்தப் பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடு தெரியுமா, தெரியாதா? விடைத்தாள் தெரியாது என்கிறது. தெரியும் என்கிறேன் நான். அவளுக்குத் தடுக்குவது ஏழாம் வகுப்பில் விட்டுப்போன குறிக் கணக்கு. ஆனால் அவள் அதைப் பத்தாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறாள். பொதுத்தேர்வில் நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. அந்த 35-க்கும் அவளுக்கும் நடுவில் நிற்பது இந்தக் கழித்தல் குறிதான்.

"அதுக்குத்தான் செல்போன் இருக்கே சார்" என்று யாராவது நினைக்கலாம். இருக்கிறது. 2014-இல் போட்டோமேத் என்று ஒரு செயலி வந்தது. கணக்கைக் கைப்பேசியில் படம் பிடித்தால் போதும். விடை மட்டுமல்ல, விடைக்கு முந்தைய படிகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அது போல இன்னும் பல வந்துவிட்டன. கெட்டிக்காரத்தனமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படிகளைப் பார்த்து நோட்டில் எழுதும் பிள்ளையின் கையெழுத்து அழகாகிறதே தவிர, வேறு ஒன்றும் நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. மாமியார் சமைப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் சமையல் வந்துவிடுமா?

நான் சொல்ல வந்தது வேறு வகை மென்பொருள். கணினி இயற்கணித மென்பொருள் என்று அதற்குப் பெயர். நம் கால்குலேட்டர் எண்களை மட்டும்தான் அறியும். 5-ஐ 3-ஆல் வகுத்தால் 1.6666 என்று நீட்டிக்கொண்டே போகும். இந்த மென்பொருள் எழுத்துகளையும் அறியும். 5/3 என்றால் 5/3 என்றே வைத்துக்கொள்ளும். √2 என்றால் √2 தான். ஒரு முழுச் சமன்பாட்டையே ஒரு பொருளாகக் கையில் எடுத்து, கூட்டு என்றால் கூட்டும், பெருக்கு என்றால் பெருக்கும்.

இது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1968-இல் மாக்சிமா என்ற மென்பொருளின் பாட்டனாரான மாக்சைமாவைத் தொடங்கினார்கள். அப்போது அதற்கு ஓர் அறை நிறைய இயந்திரம் தேவைப்பட்டது. 1988-இல் ஹவாய்த் தீவிலிருந்து டிரைவ் என்று ஒன்று வந்தது. ஒரே ஒரு ஃபிளாப்பித் தகட்டுக்குள் அடங்கிவிடும். அதே 1988-இல்தான் மேத்தமேட்டிகாவும் வந்தது. அந்தக் காலத்தில் நம் கல்லூரிகளில் கணிப்பொறி அறை என்றால் என்ன மரியாதை! செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கைகட்டி உள்ளே போகணும். குளுகுளு அறைக்குள் அது கருப்பு வெள்ளைத் திரையோடு சாமி மாதிரி உட்கார்ந்திருக்கும். இப்போது என் வகுப்பில் ஒரு பையன் அதைத் தரையில் வைத்து, பக்கத்தில் கடலை உருண்டை தின்றுகொண்டே கணக்குப் போடுகிறான்.

நாங்கள் பயன்படுத்துவது மாக்சிமா. காசு கிடையாது என்பதுதான் முதல் காரணம், மறைப்பானேன். எம்.ஐ.டி.யில் பிறந்த அந்த மாக்சைமாவின் ஒரு பிரதியை வில்லியம் ஷெல்டர் என்ற டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் 1982 முதல் தனி ஆளாகப் பராமரித்து வந்தார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமத்தில் வெளியிட 1998-இல் அனுமதியும் வாங்கினார். 2001-இல் அவர் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன வேலையைத் தன்னார்வலர்கள் தொடர்ந்தார்கள். இணைய இணைப்பு வேண்டாம், பழைய கணினியே போதும்.

கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது தடையாக இல்லை. ஃபேக்டர், எக்ஸ்பேண்ட், சால்வ் என்று ஐந்தாறு சொல்லுக்கு மேல் தேவைப்படுவதில்லை. அவர்களைச் சுற்றவிட்டது பெருக்கல் குறிதான். நாம் 6ய என்று சேர்த்து எழுதுவோம். இயந்திரத்துக்கு 6, நட்சத்திரக் குறி, ய என்று பிரித்துத் தட்டணும். இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும். முதல் சனிக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. ஆனால் 6ய என்பது '6 பெருக்கல் ய' என்பதே தெரியாமல் இரண்டு பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வரை வந்திருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் ஒரு லாபம்.

சரி, கணக்குக்கு வருவோம். சால்வ் என்று தட்டினால் இரண்டு மூலங்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். அதனால் என் வகுப்பில் முதல் சட்டம்: சால்வ் தொடக் கூடாது. கடைசியில், சரிபார்க்க மட்டும்தான்.

ய² + 6ய − 7 = 0 என்று பலகையில் எழுதினேன். "இதுல மாறிலியை அந்தப் பக்கம் அனுப்பணும், என்ன செய்யலாம்?" ஒரு பையன் 7-ஐக் கூட்டச் சொன்னான். மாக்சிமாவில் சதவீதக் குறி போட்டால் 'கடைசியாக வந்த விடை' என்று பொருள். அதனோடு 7-ஐக் கூட்டு என்று தட்டினால், சமன்பாட்டின் இரண்டு பக்கமும் 7 கூடி, ய² + 6ய = 7 என்று வந்து நிற்கும். 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற மந்திரம் இங்கே செல்லாது. இரண்டு பக்கமும் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. இந்த ஒன்றுக்காகவே நான் இந்த மென்பொருளைக் கும்பிடுவேன். குறி மாறும் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, பெருக்கலிலும் போய்க் குறியை மாற்றிவிட்டு வரும். கணித ஆசிரியர்கள் இங்கே இருந்தால் தலையாட்டுவார்கள்.

இப்போது இடது பக்கத்தை முழு வர்க்கமாக்க வேண்டும். புத்தகம் என்ன சொல்கிறது? ய-யின் கெழுவில் பாதியை எடுத்து, வர்க்கப்படுத்தி, இரு பக்கமும் கூட்டு. நான் அதைச் சொல்லவில்லை. "எதை வேணும்னாலும் கூட்டுங்க. கூட்டிட்டு, இடது பக்கத்தை மட்டும் காரணிப்படுத்தச் சொல்லுங்க. என்ன வருதுன்னு எழுதுங்க" என்றேன்.

ஒருவன் 4 கூட்டினான். ஃபேக்டர் கட்டளை கொடுத்தான். ய² + 6ய + 4 என்று போட்டதையே திருப்பிக் கொடுத்துவிட்டது. 1, 2, 3 எல்லாம் அப்படியே. 5 கூட்டியவள் "சார், பிரியுது சார்!" என்று கத்தினாள். (ய + 1)(ய + 5) = 12. அடுத்து 8 கூட்டியவனுக்கு (ய + 2)(ய + 4) = 15. அப்புறம் 9. (ய + 3)² = 16. அதற்கு மேல் 10, 11, 12 என்று போய்ப் பார்த்தார்கள், பிரியவே இல்லை. பலகையில் 5, 8, 9 மூன்றையும் எழுதி, பக்கத்தில் 1-உம் 5-உம், 2-உம் 4-உம், 3-உம் 3-உம் என்று எழுதினேன். இரண்டும் சேர்ந்தால் எப்போதும் 6. ஒன்றை ஒன்று நெருங்கி வந்து 3-இல் சந்திக்கின்றன. பாதி ஏன் வந்தது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கையால் இத்தனை சோதனை செய்ய முடியுமா? பன்னிரண்டு எண்ணைக் கூட்டிப் பார்த்து ஒவ்வொன்றையும் காரணிப்படுத்த ஒரு பாடவேளை போதாது. அதிலும் பாதியில் கூட்டல் தப்பாகிவிடும். இங்கே பதினைந்து நிமிஷம்.

இன்னொன்று நடந்தது, நானே எதிர்பார்க்காதது. 5 கூட்டியவள் 9-க்குப் போகவில்லை. (ய + 1)(ய + 5) = 12 என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், ரெண்டு நம்பர், நாலு வித்தியாசம், பெருக்கினா 12. 2-உம் 6-உம். அப்போ ய 1 தானே?" ஆமாம், 1 தான். "இன்னொண்ணு இருக்கா பாரு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து −6-உம் −2-உம் என்றாள். அப்போது ய = −7. இரண்டு மூலமும் வந்துவிட்டன, முழு வர்க்கமே இல்லாமல்! 8 கூட்டியவனும் உடனே தன் 15-ஐ எடுத்து 3, 5 என்று போட்டு அதே 1-க்கு வந்து சேர்ந்தான். யாரிடம் குறித் தடுமாற்றம் என்று முன்னே சொன்னேனோ, அந்த மாணவிதான் அந்த 5-ஐக் கூட்டியவள்.

மென்பொருள் அவளுக்கு எதையும் சொல்லித் தரவில்லை, கவனியுங்கள். படியை அவள் சொன்னாள்; கூலிவேலையை அது செய்தது. படிகளைக் காட்டும் இயந்திரத்துக்கும், நாம் சொன்ன படியைச் செய்யும் இயந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலாவதில் அடுத்த படி என்ன என்ற கேள்வியே பிள்ளைக்கு எழுவதில்லை. இரண்டாவதில் அந்தக் கேள்வியைத் தவிர வேறு எதுவும் பிள்ளைக்கு இல்லை.

அடுத்த வாரம் சார்ட் அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டுவரச் சொன்னேன். 9-ஐ ஏன் கூட்டணும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி இதைப் படம் போட்டே விளக்கினார். அவர் நூலின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல்லே வந்தது. அவர் எடுத்துக்கொண்ட கணக்கு ய² + 10ய = 39. பக்கம் ய உள்ள ஒரு சதுரம். அதன் இரண்டு பக்கத்தில் 5 அகலத்தில் இரண்டு பட்டைகள். மூலையில் 5-க்கு 5 ஒரு சதுரம் மட்டும் காலியாக இருக்கும். அந்த 25-ஐ நிரப்பினால் பெரிய சதுரம் 39 + 25 = 64. பக்கம் 8. ஆகவே ய = 3. பிள்ளைகள் வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். பிறகு மாக்சிமாவில் போட்டால் 3-உடன் −13-உம் வந்தது. "அட்டையில் −13 எங்கே சார்?" என்றான் ஒருவன். நீளத்தில் கழித்தல் ஏது? அல்-குவாரிஸ்மியும் 3-ஐ மட்டும்தான் விடையாகச் சொன்னார். சமன்பாடு ஏற்றுக்கொள்ளும் விடை வேறு, நிலமும் காசும் ஏற்றுக்கொள்ளும் விடை வேறு என்பதை ஒரு பிள்ளை தானே கேட்டுத் தெரிந்துகொண்டது.

இப்போது பழைய கணக்குக்கு வருகிறேன், அந்த மாணவியை விழவைத்த 3ய² − 5ய − 2 = 0. புத்தக முறைப்படி போனால் முதலில் 3-ஆல் வகுக்கணும். ய² − (5/3)ய = 2/3. பாதியின் வர்க்கம் 25/36. அதைக் கூட்டினால் வலது பக்கம் 49/36. பின்னத்தைக் கண்டதுமே பாதி வகுப்பு பேனாவை மூடிவிடும். இயந்திரம் இதைச் சளைக்காமல் செய்துவிடும், உண்மைதான். ஆனால் தேர்வறையில் இயந்திரம் கிடையாதே!

இங்கேதான் ஸ்ரீதரரை அழைத்தேன். அவர் எழுதிய இயற்கணித நூல் இன்று கிடைக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எடுத்துச் சொன்னதால் அவருடைய முறை மட்டும் பிழைத்தது. வகுக்காதே, பெருக்கு என்கிறார். ய²-இன் கெழுவை நான்கால் பெருக்கி, அதனால் இரு பக்கமும் பெருக்கு. பிறகு ய-யின் கெழுவின் வர்க்கத்தைக் கூட்டு. நம் கணக்கில் 12-ஆல் பெருக்கினால் 36ய² − 60ய = 24. 25-ஐக் கூட்டினால் 49. இடது பக்கம் (6ய − 5)². பின்னம் என்ற பேச்சே இல்லை. 6ய − 5 என்பது 7 அல்லது −7. ய = 2 அல்லது −1/3. பிள்ளைகள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கணுமே! நம் பாடப்புத்தகங்களில் இந்த முறைக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

அதே கட்டளைகளை எண்ணுக்குப் பதில் எழுத்துக்கும் கொடுக்கலாம். அய² + பய + ச = 0 என்று போட்டு, ச-வைக் கழித்து, 4அ-வால் பெருக்கி, ப²-ஐக் கூட்டி, காரணிப்படுத்தச் சொன்னால் (2அய + ப)² = ப² − 4அச என்று வந்துவிடும். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதை நாலு வரியில் அவர்களே செய்து பார்த்தார்கள். "இதுதானா சார் அந்தச் சூத்திரம்!" என்றான் ஒருவன், ஏதோ கட்டுப்பட்டிருந்த யானையை அவிழ்த்துவிட்ட மாதிரி.

இத்தனையும் சொன்னதால் இந்த இயந்திரம் தப்பே விடாது என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டல் கழித்தலில் விடாது. ஆனால் நாம் தப்பான படியைச் சொன்னால் அதையும் பவ்யமாகச் செய்துவிடும். ய² = 5ய என்று ஒரு கணக்கு. ஒருவன் இரு பக்கத்தையும் ய-யால் வகுக்கச் சொன்னான். மாக்சிமா ஒரு வார்த்தை கேட்காமல் ய = 5 என்று கொடுத்துவிட்டது. ய = 0 என்ற மூலம் எங்கே போயிற்று? காணாமல் போயிற்று. ய பூச்சியமாக இருக்கலாமே, பூச்சியத்தால் வகுக்கலாமா என்று அது கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் ஆசிரியர். அதே போல, பொதுச் சமன்பாட்டில் அ பூச்சியமானால் என்ன ஆகும் என்றும் அது கேட்பதில்லை. சூத்திரத்தை அப்படியே நீட்டிவிடும். வர்க்க மூலத்தில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை உண்டு. (ய + 3)²-இன் வர்க்க மூலத்தைக் கேட்டால் ய + 3 என்று சும்மா சொல்லாமல் |ய + 3| என்று மட்டுக்குறி போட்டுத் தரும். "இந்த ரெண்டு கோடு எதுக்கு சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூட்டல் கழித்தல் இரண்டும் ஏன் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

பாஸ்கரரின் லீலாவதியில் ஒரு வண்டுக் கணக்கு இருக்கிறது. ஒரு கூட்டத்தில் பாதியின் வர்க்க மூலம் அளவு வண்டுகள் மல்லிகைப் புதருக்குப் போயின. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போயிற்று. மிச்சம் தாமரைக்குள் மாட்டிக்கொண்ட ஒன்றும் வெளியே ரீங்கரிக்கும் அதன் ஜோடியும். மொத்தம் எத்தனை? வர்க்க மூலத்தை மட்டும் தனியாக நிறுத்தினால் √(ய/2) = ய/9 − 2. வர்க்கப்படுத்திச் சுருக்கினால் 2ய² − 153ய + 648 = 0. மூலங்கள் 72, 9/2. நாலரை வண்டு எப்படி வரும் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். "வண்டு என்பதால் தள்ளுகிறாயா, கணக்கே தள்ளுகிறதா?" என்று கேட்டேன். 9/2-ஐ முதல் வரியில் போட்டுப் பார்த்தார்கள். இடது பக்கம் 3/2, வலது பக்கம் −3/2. வர்க்கப்படுத்தியபோது அந்தக் கழித்தல் குறி மறைந்து, இல்லாத மூலம் ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. 72-ஐப் போட்டால் 6-உம் 64-உம் 2-உம் சேர்ந்து சரியாக இருக்கிறது. வர்க்கப்படுத்தச் சொன்னது நாம். திரும்பிப் போய்ச் சரிபார்ப்பதும் நம் பொறுப்பு.

என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் இந்த வகுப்பைப் பார்த்துவிட்டு, "வாய்ப்பாடே தெரியாத பையனுக்குக் கம்ப்யூட்டரா? கைப்பழக்கம் போயிடும்யா" என்றார். நியாயமான கவலை. இதே விவாதம் வெளிநாட்டில் முப்பது வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. ஆஸ்திரியா நாட்டில் 1991-லேயே மேல்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் டிரைவ் மென்பொருளை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நாட்டுக் கணித அறிஞர் புரூனோ புக்பெர்கர் 1990-இல் ஒரு கருத்தைச் சொன்னார். சாதாரண ஆள் இல்லை. இந்த மென்பொருள்களின் உள்ளே ஓடும் முக்கியமான ஒரு வழிமுறையை 1965-இல் கண்டுபிடித்தவரே அவர்தான். ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கும்போது அந்த வேலையை இயந்திரத்திடம் விடாதே, பெட்டி திறந்திருக்கட்டும். கற்று முடித்த பிறகு அதே வேலை மூடிய பெட்டியாக இருக்கலாம் என்றார். அதன்படி, இருபடிச் சமன்பாடு படிக்கும் பிள்ளைக்கு சால்வ் கட்டளை மூடிய பெட்டி, கூடாது. கூட்டல், பின்னம், விரித்தல் எல்லாம் முன் வகுப்பில் படித்தவை. அவற்றை இயந்திரத்திடம் விடலாம்.

நம் பிள்ளைகளிடம் வரும் சிக்கல், அந்த முன் வகுப்புப் பாடமும் முழுதாகப் படிந்திருக்காது என்பதுதான். அதனால் நான் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். முதல் வாரம் இயந்திரம். இரண்டாம் வாரம் அதே கணக்கு நோட்டில், ஒவ்வொரு வரியையும் கையால் எழுதிவிட்டு இயந்திரத்தில் தட்டி ஒப்பிட்டுப் பார்க்கணும். எந்த வரியில் பிரிகிறதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மூன்றாம் வாரம் இயந்திரம் மூடிவைத்துவிட்டு வெறும் பேனா. அந்த மாணவியின் நோட்டில் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன, கழித்தல் குறியோடு கழித்தல் பெருக்கும் இடத்தில். அதன் பிறகு அவளுக்கு வேண்டியது இருபடிச் சமன்பாடு இல்லை, குறிக் கணக்குப் பயிற்சி என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது. இரண்டு சனிக்கிழமையில் ஐம்பது கணக்கு. அவ்வளவுதான் வைத்தியம். எல்லாப் பிள்ளைக்கும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன். மூன்று பேர் இன்னும் திரையைப் பார்த்தால் சுறுசுறுப்பாகவும் நோட்டைப் பார்த்தால் சோர்வாகவும்தான் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சுருக்கமாக முடிக்கிறேன். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய கணினிகள், பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு பல வீடுகளில் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கின்றன. எங்கள் நான்கும் அப்படி வந்தவைதான். உங்கள் அலுவலகத்தில், வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், பேட்டரி போனதாக இருந்தாலும் பரவாயில்லை, மின்சாரத்தில் ஓடினால் போதும். நம் சங்கம் இதை எடுத்து, இந்த ஊரைச் சுற்றி இன்னும் இரண்டு மூன்று இடத்தில் சனிக்கிழமை வகுப்பு நடத்தலாம். மென்பொருளுக்குச் செலவில்லை. கணிதத் துறையில் படித்தவர்கள் இந்த அரங்கில் குறைந்தது நாற்பது பேர் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தந்தால் போதும். வேதியியல்காரர்களும் வரலாம், நாங்கள் சேர்த்துக்கொள்வோம்!

வெளியே காப்பி கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் ஒரு மடிக்கணினி வைத்திருக்கிறேன். ய² + 8ய = 20 என்று திரையில் இருக்கிறது. சால்வ் தொடாமல் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். பெயர் கொடுக்கிறவர்களுக்கு ஒரு நோட்டும் அங்கேயே இருக்கிறது.